வெட்டின மூலை

வரைபட அறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பேனா பிடிப்பதையும் மை கலப்பதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதை ஒரு வாரத்தில் யாராவது காட்டித் தருவார்கள்; மூளை உள்ளவனுக்கு மூன்று நாள் போதும். ஓய்வு பெற்ற கிழவனைக் கூப்பிட்டுக் கதைக்கச் சொன்னால், தான் செய்த கெட்டித்தனங்களை அளந்து கொட்டுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றிரண்டு என்னிடமும் உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் தேநீர் குடிக்க எழும்பாதீர்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் எங்கள் கடலுக்கு வரப்போகின்றன என்று கொழும்பில் இளநீர் விற்கிறவன்கூடச் சொல்லித் திரிந்தான். அதுவரை கடற்சண்டை என்றால் ஒரு கப்பல் இன்னொரு கப்பலைக் கண்ணால் கண்டு சுடுவது. இந்தக் கப்பல்கள் ஒன்றையொன்று காணாமலே சண்டை பிடிப்பவை. நூறு மைலுக்கு அப்பால் நின்று விமானங்களை அனுப்பும். மற்றவன் எங்கே நிற்கிறான் என்று யார் முதலில் அறிகிறாரோ அவர் பக்கம்தான் வெற்றி. கடலில் எது எங்கே கிடக்கிறது என்பதைத் தாளில் குறித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலையும். அதனால் அந்தச் சண்டையில் எங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது.

எங்கள் அறை கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. புதிய பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், வெளிச்சவீட்டு விளக்கு மாறினால், அறிவித்தல் வரும். அதைப் பார்த்து ஒவ்வொரு கடல் வரைபடத்திலும் மையால் திருத்துவோம். மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் திருத்துவார், மற்றவர் வாசித்துச் சரிபார்ப்பார். பிறகு வரைபடத்தின் கீழ் மூலையில் இருவரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நான் திருத்துகிறவன். எனக்கு வாசிக்கிறவராக இருந்தவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஆண்கள் போதாமல் பெண்களையும் வேலைக்கு எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்த கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். கன்னியர் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பித்தவர். என்னிலும் மூன்று வயது மூத்தவர். வாயோ முப்பது வயது மூத்தது.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. தீபாவளி, பொங்கல் என்றால் வேதக்காரர் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெரிய வெள்ளி, நத்தார் என்றால் நாங்கள் அவர்களுடையதைப் பார்ப்போம். நல்ல பழக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்திருந்தது. லீவில் நிற்கிறவருடைய சுருக்கொப்பத்தையும் மற்றவரே வைத்துவிடுவார். அதை உதவி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும் அதைச் செய்ய மாட்டார். முந்திய தீபாவளிக்கு என் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த நாள் என்னை இருத்தி, பதினாலு வரைபடங்களையும் பார்க்க வைத்து ஒப்பம் வாங்கினார். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வைத்தேன்.

ஏப்ரல் மாதத்துப் பெரிய வெள்ளி. வெள்ளவத்தையில் நாலு கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துச் சீவித்த வீட்டில் நானும் இருந்தேன். சமறி என்று சொல்வோம். அன்று காலை ரயிலில் இடம் தாராளமாகக் கிடந்தது. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். மேசையில் நான் தனி.

பத்து மணிக்கு எங்கள் அதிகாரி, வெள்ளைக்காரத் துரை, ஒரு உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தெற்கே நடுக்கடலில் ஒரு பவளத்தீவுக் கூட்டம். எங்கள் கடற்படை அங்கே ஒளித்து நின்று தண்ணீரும் எண்ணெயும் எடுக்கிறது என்பது கொழும்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் வரைபடம் என் மேசையில் கிடந்தது. எங்கள் கடற்படை என்று சொல்கிறேன். அது வெள்ளைக்காரனுடைய கடற்படை. சம்பளம் தந்தவனுடைய பக்கத்தை எங்கள் பக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்தத் தீவுகளுக்குள் நுழையும் ஒடுங்கிய வாய்க்காலில் புதிதாக ஒரு பவளப்பாறை கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது, மேலே மிதவை இன்னும் கட்டவில்லை. அதன் இடத்தைக் குறித்து ஒரு ட்ரேசிங் தாள் வந்திருந்தது. சாதாரணமாக ட்ரேசிங்கில் இடத்தின் பெயரும் எண்களும் எழுதியிருக்கும். இது இரகசியம் என்றபடியால் ஒரு எழுத்துக்கூட இல்லை. வாய்க்காலின் நடுக்கோட்டில் இரண்டு சிலுவைக் குறிகள், பக்கத்தில் பாறைக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். சிலுவைகளை வரைபடத்திலுள்ள சிலுவைகளோடு பொருத்தினால் புள்ளி விழும் இடம்தான் பாறை.

இப்போது கவனியுங்கள். ட்ரேசிங் தாள் கண்ணாடி மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும். எழுத்து இருந்தால் மாறிக் கிடக்கிறது என்று உடனே பிடிபடும். எழுத்து இல்லாவிட்டால், தாளைக் கவிழ்த்துப் போட்டாலும் இரண்டு சிலுவைகளும் சரியாகப் பொருந்தும். புள்ளி மட்டும் வாய்க்காலின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அதற்காகத்தான் ஒவ்வொரு ட்ரேசிங்கிலும் மேல் வலது மூலையைக் கத்தரித்து விடுவார்கள். வாசிக்க உட்காரும்போது அக்கா முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி.

“வெட்டின மூலை எங்க?”

நான் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டாமல் ஒரு கோடு கீற விடமாட்டார். ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்தது.

அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. பின்னேரத்துக்குள் ஆறு பிரதி வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். நான் ஆறையும் செய்து முடித்தேன். கோடுகள் அழகாகத்தான் இருந்தன. ஆறின் மூலையிலும் என் ஒப்பத்தை வைத்தேன், பக்கத்தில் அக்காவினுடையதையும் வைத்தேன். அவருடைய எழுத்தின் வளைவு எனக்குக் கைப்பாடம்.

ஐந்து மணியளவில் ஒரு கப்பலின் வழிகாட்டும் அதிகாரி தன் பிரதியை வாங்க வந்தார். வெயிலில் மூக்கின் தோல் உரிந்துபோன மெலிந்த வெள்ளைக்காரன், என் வயதுதான் இருக்கும். கடற்படைக்குத் தண்ணீரும் எண்ணெயும் கொண்டுபோகிற கப்பல். அன்றிரவே புறப்படுகிறது, ஞாயிறு பின்னேரம் அந்த வாய்க்காலில் நுழையும். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, “நம்பலாமா?” என்று ஆங்கிலத்தில் சிரித்துக் கேட்டார். நான் மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

“இரண்டு முறை பார்த்தது, சேர்” என்றேன்.

சனிக்கிழமை காலை அக்கா வந்து கைப்பையை வைத்தார். மிச்சம் கிடந்த ஐந்து பிரதிகளில் ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, இதில என்ர ஒப்பத்தை ஆர் வைச்சது?”

“நான்தான் அக்கா. நேற்று நீங்கள் கோயிலில எண்டு...”

“தீபாவளிக்கு உமக்கு நான் வைச்சனானோ?”

“இல்லை.”

“பிறகு?”

“எல்லாரும் வைக்கிறவைதானே. இண்டைக்கு உங்களுக்கு வேலை குறையட்டும் எண்டு நினைச்சன்.”

“வேலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டனானோ? ட்ரேசிங்கை எடும். எடும் எண்டுறன்.”

எடுத்துப் போட்டேன். “வெட்டின மூலை எங்க?” என்றார். சலிப்போடு விரலை வைத்தேன். வலது பக்கம், மேலே, சரியாகத்தான் இருந்தது. தாளுக்குள்ளால் பார்த்தேன். ட்ரேசிங்கில் பாறை வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தது. கீழே என் கையால் கீறிய பாறை மேற்கே கிடந்தது.

மேற்கே பாறை என்று என் வரைபடம் சொன்னால், கப்பலோட்டுகிறவன் என்ன செய்வான்? மேற்கை விட்டு விலகிக் கிழக்குக் கரையை அண்டித்தான் போவான். நேரே பாறையின்மேல் கொண்டுபோய் ஏற்றுவான். கப்பல் நிறைய எண்ணெய். அந்த வாய்க்காலில் அது உடைந்து கிடந்தால், உள்ளே போகவோ வெளியே வரவோ பெரிய கப்பல்களுக்கும் வழி இல்லை.

அக்கா சத்தம் போடவில்லை. பிரதிகளை எண்ணினார்.

“ஆறு எல்லோ செய்தனீர்?”

“ஒண்டு கப்பலுக்குப் போயிட்டுது. நேற்றுப் பின்னேரம்.”

“துரை வந்தவுடன சொல்லும்” என்றார். அப்போது எட்டரை மணி.

நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருந்த ஒருவரை, கொப்பியில் கப்பல் பெயர்களை எழுதி வைத்திருந்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டாருக்குக்கூட அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. நான் செய்ததை யோசித்துப் பாருங்கள். எதிரியின் கப்பல்கள் வருகிற கிழமையில், இரகசியத் துறைமுகத்தின் வரைபடத்தில், பாறையை இடம் மாற்றி வைத்து, பக்கத்தில் கள்ளக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். பிழை என்று எந்த விசாரணைக்காரன் நம்புவான்? ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பயந்துவிட்டேன். அதை மூடி மறைத்துச் சொல்லி என்ன பயன்?

பதினொரு மணிக்குத் துரை வந்தார். பத்து நிமிடம் நின்றார். நான் எழுந்து அவருக்கு முன்னால் போனேன். “சேர், சிவப்பு மை முடியப் போகிறது” என்றேன். தலையாட்டிவிட்டு அவர் போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

மதியம் சோற்றுப் பொதியைப் பிரிக்கவில்லை. மை சுரண்டுகிற கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு கெஞ்சினேன்.

“அக்கா, உங்கட ஒப்பத்தைச் சுரண்டி விடுறன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. பாறையையும் மாத்தி விடுறன். கப்பலில மேல ஏறி நிண்டு பாக்கிறவங்கள் இருப்பாங்கள்தானே, பாறையைக் காணாமலோ விடுவாங்கள்?”

“இந்த அஞ்சிலயும் சுரண்டுவீர். கப்பலில போனதில?”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“எனக்குக் கரைச்சல் வராது, தம்பி. நேற்று முழுக்க நான் கோயிலில. கொட்டாஞ்சேனை முழுக்கச் சாட்சி சொல்லும். வாறதெல்லாம் உமக்குத்தான். பிழைக்கு மேல பொய்யும் வைச்சிருக்கிறீர். எனக்கு உம்மை நினைச்சுத்தான் நெஞ்சு பதறுது.” அவருடைய கண் கலங்கியிருந்தது. “ஆனா அந்தப் பெடியன் மூலையைப் பாத்து நம்பித்தானே கொண்டு போனவன்? அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே?”

நாலு மணிக்குத்தான் கட்டடம் கிடுகிடுத்தது. ரோந்து போன விமானம் ஒன்று தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுவிட்டது. விடியுமுன் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று கட்டளை. படிக்கட்டு முழுக்கச் சப்பாத்துச் சத்தம். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஆள் வந்து வரைபடம் கேட்டு நின்றான். துரை கதவுக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

“இப்ப சொன்னா ஒருத்தரும் காது குடுக்க மாட்டினம் அக்கா. கொஞ்சம் அடங்கட்டும்.”

“காலமை அடங்கித்தானே கிடந்தது? அப்ப மை கேட்டீர். இப்ப எழும்பும். நீர் சொல்லாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னா உமக்கு ஆயுசுக்கும் தலை நிமிராது.”

எழுந்தேன். துரையின் முன்னால் போய், ட்ரேசிங்கைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். நாலு கேள்வி கேட்டார். எந்தக் கப்பல்? சொன்னேன். பாறை உண்மையில் எந்தப் பக்கம்? கிழக்கு. யார் சரிபார்த்தது? ஒருவரும் இல்லை, இரண்டாவது ஒப்பத்தையும் நான்தான் வைத்தேன். நாலாவது கேள்விதான் என்னை உடைத்தது.

“உனக்கு எப்போது தெரியும்?”

“காலை எட்டரைக்கு, சேர்.”

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு இருபது. அவர் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“காலையில் சொல்லியிருந்தால் கம்பியில்லாத் தந்தி சும்மா கிடந்தது. இப்போது என் செய்திக்கு முன்னால் நாற்பது செய்தி நிற்கிறது” என்றார். பிறகு, “அந்த ஐந்தையும் உடனே திருத்து. வெளியே போகாதே” என்று சொல்லிவிட்டுச் செய்தி அனுப்புகிற அறைக்கு ஓடினார்.

ஐந்தையும் திருத்தினோம். ஐந்து பிரதிக்கும் ஐந்து தரம், ஒரே குரலில், “வெட்டின மூலை எங்க?” என்று அக்கா கேட்டார். ஐந்து தரமும் விரலை வைத்துக் காட்டினேன். பிறகு என் ஒப்பத்துக்குப் பக்கத்தில் தன் பெயரில் இருந்ததைச் சுரண்டிவிட்டுத் தன் கையால் ஒப்பம் வைத்தார்.

துரை திரும்பி வந்து சொன்னார். செய்தி இரகசியக் குறியில் போகும், இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் போகும். ஆனால் கிடைத்ததா என்று தெரிய வழி இல்லை. கப்பல் பதில் அனுப்பினால் அது நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். விசாரணை திங்கட்கிழமை, அதுவரை அறையை விட்டுப் போகக் கூடாது.

ஞாயிறு காலை மழை முகில் தாழ்ந்து கிடந்தது. ஏழரை தாண்டியிருக்கும். என்ன சத்தம் என்று யோசிப்பதற்குள் முதல் குண்டு விழுந்துவிட்டது. கண்ணாடிகள் நொறுங்கி மேசையெல்லாம் கொட்டின. வரைபடங்களைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் மேசைக்குக் கீழே கிடந்து என் உயிரைப் பற்றித்தான் நினைத்தேன். சத்தம் ஓய்ந்த பிறகுதான் அந்தக் கப்பல் நினைவுக்கு வந்தது. இன்னும் சில மணி நேரத்தில் அது வாய்க்காலுக்கு வரும்.

துறைமுகத்தில் புகை. ஆனால் முந்திய நாள் வரை நிறைந்திருந்த இடம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது; போன கப்பல்கள் தப்பிவிட்டன. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். உயிர்த்த ஞாயிற்றுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை முழுக்கத் தூசி.

“ஐயோ அக்கா, இதுக்குள்ள ஏன் வந்தனீங்கள்?”

“பூசைக்குள்ளதான் குண்டு விழுந்தது. பாதர் நிப்பாட்டேல்லை, முடிச்சுத்தான் இறங்கினவர். செய்தி போனதோ?”

“போனதாம்.”

“பதில்?”

“வராது அக்கா.”

கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப நீர் உம்மட முருகனைப் பிடியும். நான் என்ர ஆளைக் கேக்கிறன். ஆரெண்டாலும் ஒருத்தர் காது குடுக்கட்டும்” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த நாட்களில் தெற்கே இரண்டு கப்பல்கள் குண்டுபட்டுக் கடலுக்கடியில் தாண்டுபோய்விட்டன என்ற கதை வந்தது. பெயர் தெரியவில்லை. அவை பெரிய போர்க்கப்பல்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அதுவரை ஒவ்வொரு நாளும் அந்த உரிந்த மூக்கு என் கண்ணுக்குள் நின்றது. கொழும்பு வெறுமையானது. யாழ்ப்பாண ரயிலில் ஆட்கள் யன்னலால் ஏறினார்கள். சமறியில் மற்ற மூவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள், சமையற்காரரும் போனார். நான் தனியாகக் கடையில் வாங்கிய பாணைத் தின்றுகொண்டு இருந்தேன்.

விசாரணை நடந்தது. துரை தன் அறிக்கையில், பிழையை இவனே வந்து சொன்னான், பிந்திச் சொன்னான் என்று இரண்டையும் எழுதினார். ஒன்று என்னைக் காப்பாற்றியது, மற்றது இன்றைக்கும் குத்துகிறது. எனக்குக் கிடைத்த தண்டனை, மறு உத்தரவு வரும்வரை பேனா தொடக் கூடாது என்பது. அக்கா திருத்தினார், நான் வாசித்தேன். வெட்டிய மூலையை நான் கேட்க, அவர் காட்டினார்.

அந்தக் கிழமை நடந்ததைப் பிறகு அறிந்தேன். இரண்டு பக்கத்து விமானந்தாங்கிக் கப்பல்களும் நாட்கணக்காக ஒன்றையொன்று தேடியிருக்கின்றன. மழை முகிலுக்குள்ளும் இருட்டுக்குள்ளும் கொஞ்சத் தூரத்தில் தவறவிட்டிருக்கின்றன. சந்தித்திருந்தால் எங்கள் பக்கத்துப் பழைய விமானங்கள் அவர்களுக்கு ஈடு கொடுத்திருக்க மாட்டா என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சண்டை நடக்காததால்தான் கொழும்பு பிழைத்தது என்றும் சொன்னார்கள்.

ஜூன் மாதம் அந்தச் சண்டை வேறொரு சமுத்திரத்தில், அமெரிக்கரோடு நடந்தது. ஜப்பானின் நாலு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தாண்டுபோயின. அவற்றில் மூன்று எங்கள்மேல் குண்டு போட வந்தவை. அதன் பிறகு யுத்தம் திரும்பிவிட்டது. பேப்பரில் முதலில் அரைகுறையாகத்தான் வந்தது. பம்பலப்பிட்டித் தேநீர்க்கடையில் ஒருவர், “எங்களுக்கு அடிச்சவன் கடலுக்கடியில போயிட்டான்!” என்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். ஆனால் அந்தக் கப்பல்களிலும் ஆயிரக்கணக்கான பெடியன்கள் இருந்தார்கள். அதை நினைத்தபோது மிச்ச வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

பல வருடத்துக்குப் பிறகு அந்தச் சண்டையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அன்று காலை ஜப்பானின் தேடுதல் விமானம் ஒன்று, தான் கண்ட எதிரிக் கப்பல்களின் இடத்தைப் பிழையாக அறிவித்ததாம். கண்டதும் பிந்தித்தானாம். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பெரிய பெரிய காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த விமானத்தில் இருந்தவனை நினைக்கத்தான் முடிந்தது. அவனும் முழங்காலில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, அவசரத்தில் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்திருக்கிறான். பக்கத்தில் இருந்து அவனை ஒரு கேள்வி கேட்க ஆள் இருந்திருக்காது.

சரி, என் கப்பலுக்கு வருகிறேன். ஜூனில் அந்தச் சண்டையின் செய்தி வந்த அதே கிழமை, பழைய வரைபடங்களை மாற்ற ஒரு கட்டு வந்தது. புதிய பதிப்பு வந்தால் கப்பல்கள் பழையதைத் திருப்பித் தரும். நாங்கள் எண்ணி எரித்துவிட வேண்டும். அக்கா ஒன்றை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, இங்க வாரும்.”

என் ஆறாவது பிரதி. கப்பல் போகும் பாதையைப் பென்சிலால் கீறியிருந்தார்கள். வாய்க்காலின் வாசலில் இரண்டு கோடுகள். ஒன்று கிழக்குக் கரையை அண்டி, உண்மையான பாறை கிடக்கிற இடத்துக்கு மேலால் நேரே போயிருந்தது. அதை அழித்திருந்தார்கள், ஆனால் அழுத்திக் கீறிய தடம் தாளில் இருந்தது. மற்றது மேற்கே ஒதுங்கி, நான் பாறை கீறிய இடத்துக்கு மேலாலேயே உள்ளே போனது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில், ‘கொழும்புச் செய்தி வாசித்தது 2.10. பாறை கிழக்கில். திரும்பியது 2.25’ என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திகதி. பாறைக்கும் திரும்பிய இடத்துக்கும் இடையில் என் சின்ன விரல் அகலம்கூட இல்லை.

முந்திய நாள் காலை எட்டரைக்குச் சொல்லியிருந்தால், அந்தச் செய்தி நெரிசல் இல்லாமல் போய் அன்று மத்தியானமே அவருடைய கையில் இருந்திருக்கும். பிந்திப் போனதால் கப்பலிலும் மற்றச் செய்திகளுக்குப் பின்னால்தான் அதன் குறியை அவிழ்த்திருக்கிறார்கள். நான் மை கேட்டுக்கொண்டிருந்த எட்டு மணி நேரம் கடைசியில் அவருக்குப் பதினைந்து நிமிடமாக மிஞ்சியது.

கீழ் மூலையைப் பார்த்தேன். என் ஒப்பத்தையும் நான் வைத்த அக்காவின் ஒப்பத்தையும் சேர்த்து ஒரு பென்சில் வட்டம். பக்கத்தில் அதே எழுத்தில், ‘இரண்டு முறை?’ என்று இருந்தது.

அக்கா பேனாவை மையில் தோய்த்தார். வட்டத்துக்குள் தன் பெயரில் இருந்த ஒப்பத்தைக் கோடிட்டு வெட்டினார். அந்தப் பாறையில் தொடங்கி மூலை வரை வரைபடம் முழுவதையும், ஒவ்வொரு குறியாக, விரல் வைத்து வாசித்தார். அரை மணி நேரம் எடுத்தது. பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். பிறகு கீழே தன் சொந்த ஒப்பத்தை வைத்து அன்றைய திகதியையும் போட்டார்.

“அக்கா, இது பின்னேரம் எரிக்கப் போறது” என்றேன்.

“தெரியும். எரிக்கிற சாமானெண்டாலும் பொய்யோட எரியக் கூடாது.”

பேனாவைத் துடைத்து என் பக்கம் நீட்டினார். நான் தயங்கினேன், என் தண்டனை இன்னும் முடியவில்லை. “துரையிட்டக் கேட்டிட்டன். இண்டையில இருந்து நீர் எழுதலாமாம்” என்றார். புதிய பதிப்பை விரித்து, அதற்கு வந்த ட்ரேசிங்கை மேலே போட்டேன். அவர் வாயைத் திறக்க முன்னம், நானே வலது பக்கத்து மேல் மூலையில் விரலை வைத்தேன்.

“பொறும்” என்றார் அக்கா. “நான் இன்னும் கேக்கேல்லை.”

விரலை எடுத்தேன். அவர் கேட்டார். திரும்பவும் வைத்தேன்.